கொட்டு அடிக்காத கேதம்

"கொட்டு இல்ல, வெடி இல்ல. பெத்த அப்பனைக் களவாப் பொதைச்ச மாதிரி..."

"அக்கா, பெட்டி ஓடிக்கிட்டிருந்துச்சுக்கா. முப்பது நாளும்..."

"ஓடினா ஓடட்டும்டா! தொண்ணூறு வயசு மனுஷன். கல்யாணச் சாவு. ஊரே ஆடி எடுத்திருக்கணும்."

"சத்தம் கூடாதுன்னு இந்தம்மாதான் சொல்லுச்சு!"

பெட்டியைத் திரும்ப எடுக்கக் குழிக்குள் விட்டிருந்த ஆராய்ச்சிக்காரியின் கை நின்றது.

முழங்கை ஆழம். ஈரமண்ணுக்குள் தூக்குச்சட்டி அளவில் ஒரு பெட்டி. போன மாதம் இதைப் போல நாற்பதை ஊரைச் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனவள் அவள்தான். கீழே எங்கே கொதிக்கிற பாறை இருக்கிறது என்று பார்க்க. இருந்தால் அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கலாம்.

அன்றைக்கு என்ன சொன்னாள்?

பெட்டியைத் தொடாதீர்கள், பக்கத்தில் விளையாடாதீர்கள் என்றாள். பிள்ளைகள் தோண்டிப் பார்த்துவிடுமே என்று. முன்னால் நின்று தலையாட்டியவன் இந்தத் தம்பிக்காரன் தவசி.

சத்தம் கூடாது என்பதை அவனே சேர்த்துக்கொண்டிருக்கிறான்.

பெட்டிக்கு வேண்டியதே சத்தம்தான்.

எங்கோ கடலலை கரையை அறைகிறது. ரோட்டில் லாரி போகிறது. எல்லாம் மண்ணுக்குள் அதிர்வாக ஊர்ந்து வரும். வருகிற வேகத்தை வைத்துத்தான் அடியில் என்ன கிடக்கிறது என்று கணக்குப் போடுவாள். நூறு கொட்டு அடித்திருந்தாலும், அந்த ஒரு மத்தியானத்துப் பதிவை மட்டும் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள்.

ஒரே ஒரு மத்தியானம்.

தவசி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். மழித்த தலையில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. 'ஆமாம்' என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும் அவனுக்கு.

அக்கா இருளாயி குழியோரம் வந்து குந்தினாள். கத்தல் அடங்கியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"இவன் தன் புத்திக்குச் செஞ்சிருந்தா, இன்னையோட இவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"அக்கா..."

"நீ பேசாத."

இருளாயி அவள் பக்கம் திரும்பினாள்.

"முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன் தாயி. நீ படிச்சவ, நீயே சொல்லு. நான் எங்கய்யாவுக்கு வாய்விட்டு அழுதிருந்தா, உன் பெட்டி கெட்டுப் போயிருக்குமா?"