ஓரத்து முகம்

படத்தில் நான்கு பேர். நடுவில் முதலாளி, இடப்பக்கம் அவர் மகள், வலப்பக்கம் போர்மேன் கிஷிமோத்தோ, அவரை ஒட்டி ஓரத்தில் நவாத்தா. ஒசாகா அச்சகத்தின் இருபதாம் ஆண்டு நாட்காட்டிக்காகப் போன வாரம் மொட்டைமாடியில் எடுத்தது.

அதன் மாதிரித் தாளைத்தான் நவாத்தா நிலவறையில் ஓட்டிக்கொண்டிருந்தான். இது தேறிவிட்டால் இன்றோடு வேலையை விட்டு, சோயாப் பால்கட்டி விற்கும் மாமனார் கடைக்குப் போய்விடலாம். மனைவிக்கு ஏழாம் மாதம். நிஷியோவைத் தகனம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றே அவள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

நிஷியோ அவனோடு இதே இயந்திரத்தில் நின்றவன். முப்பத்து நான்கு வயதில் பித்தநாளத்தில் புற்றுநோய். கிழவர்களுக்கே அபூர்வமாக வருவது என்றார் மருத்துவர். கடைசியில் ஆள் மஞ்சள் பூத்துப்போயிருந்தான். உருளை கழுவும் திரவம்தான் காரணம் என்று வேலையாட்கள் பேசிக்கொண்டார்கள். முதலாளி சிரித்தார்.

தாள் தேறவில்லை. ஓரத்து முகத்தில் மஞ்சள் தூக்கலாக விழுந்தது. மஞ்சள் மையைக் குறைத்தால் மற்ற மூவரும் சிவந்துபோனார்கள். ஒவ்வொரு முறையும் துணியைத் திரவத்தில் நனைத்து உருளையைத் துடைத்தான். அந்த இனிப்பு வாடை தொண்டையில் இறங்கியது. அவனுக்கு முகங்கள் முகங்களல்ல. பூதக்கண்ணாடியில் தெரியும் புள்ளிகள்.

காற்றுக்காகக் கதவைச் சற்றுத் திறந்தான். மாடிப்படியிலிருந்து கிஷிமோத்தோவின் குரல் வந்தது.

"சாத்துடா. வெளிக்காத்து பட்டா நிறம் மாறிடும்னு எத்தனை தடவ சொல்றது?"

இறங்கி வந்தவர், கடைசி நாளிலும் மையை வீணடிக்கிறாயே, மாமனார் கடையில் டோஃபுவையாவது வெள்ளையாக விற்பாயா என்று கிண்டல் செய்தார்.

"மை டப்பாவே கோளாறு, கிஷிமோத்தோ-சான். புதுசு உடைங்க."

அவர் தாளை விளக்கடியில் பிடித்தார். மூவரும் சரியாக இருந்தார்கள். பிறகு விளக்கை நவாத்தாவின் பக்கம் திருப்பி, தாளை அவன் கன்னத்தருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

இயந்திரத்தை நிறுத்தினார். அவன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, கதவைச் சாத்திப் பூட்டினார்.

"தாள் இன்னும் தேறலையே," என்றான் நவாத்தா.

"மை சரியாத்தான்டா இருக்கு."