பதினேழாவது பெயர்

வருகைப் பதிவேட்டில் பதினேழாவது பெயரைப் பார்த்ததும் தயங்கினேன். பிறகு வேண்டுமென்றே அதைத் துண்டு துண்டாக உடைத்து வாசித்தேன். வகுப்பே சிரித்தது.

புதிதாகச் சேர்ந்த சிறுமி எழுந்து நின்றாள்.

"இந்தக் காலத்துல யாரும்மா இப்படிப் பேர் வைக்கிறாங்க? வாயிலயே நுழையல. சின்னதா ஏதாவது சொல்லு, கூப்பிடுறேன்."

"வேணாம் மிஸ். இதுதான் எனக்குப் பிடிக்கும்."

மணி அடித்ததும் என் மேஜையருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னைச் சேர்க்க வந்தப்போ அம்மா உங்களைப் பார்த்தாங்க மிஸ். சின்ன வயசுல அவங்களுக்கு இருந்த ஒரே ஃப்ரெண்ட் நீங்கதானாம். அதான் உங்க பேரையே எனக்கு வச்சாங்களாம்."

பழசாக, கர்நாடகமாக இருக்கிறதென்று, வேலைக்கு வருமுன்பே நான் மாற்றிக்கொண்ட பெயர். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மிஸ்," என்றாள்.