இன்ஜின் கப்பலில் இருக்கிறது

அன்புள்ள மச்சானுக்கு, சுகுமாரன் எழுதுவது. இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இங்கே நம் தீவில், லம்பா லைன் ஷெட்டில் இருபது வருடமாக நிற்கும் தாத்தாவின் ஸ்போர்ட்ஸ் காரில்தான் கல்யாண மண்டபத்துக்குப் போவேன் என்று என் மகள் அபி பிடிவாதம் பிடித்தாள். பழுதுபார்க்கச் சென்னைக்கு அனுப்பிய அதன் இன்ஜின் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது.

இன்று காலை ஹாரனைச் சோதிக்கச் சாவியைத் திருப்பினாள். கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. மெக்கானிக் பெரியதம்பி பானெட்டைத் திறந்தார். உள்ளே இன்ஜின் இல்லை. அந்தக் காலி இடத்தில் கையை நீட்டியவர், "அரே பாப்ரே, சுடுதுண்ணே!" என்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

"ஓடுதுல்லப்பா? பானெட்ட மூடுங்க" என்கிறாள் அபி.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. கப்பல் நாளை வருகிறது. அந்த இன்ஜினை மாட்டுவதா? மாட்டினால், இப்போது உள்ளே ஓடிக்கொண்டிருப்பது எங்கே போகும்?