பேன் சீப்பு – 1

பேன் மருந்து – 1. பேன் சீப்பு – 1. யாருக்கு: யுஸ்ரா.

காலேஜ் கேன்டீனில் உட்கார்ந்து போனைப் பார்த்த ஹர்ஷிணிக்கு, வாயில் வைத்த பப்ஸ் உள்ளே இறங்கவில்லை.

பீளமேட்டில் ஒரு மாடி வீட்டை ஹர்ஷிணி, யுஸ்ரா, லோகப்பிரியா என்று மூன்று மாணவிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மூன்று பேர் போனிலும் ஒரே மளிகை லிஸ்ட் ஆப். எது வேண்டுமோ அதை அதில் ஏற்ற வேண்டும். 'யாருக்கு' என்ற கட்டத்தில் பொதுவா, தனக்கா என்று எழுத வேண்டும். லிஸ்ட்டில் ஏறாத எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது.

சட்டம் போட்டது ஹர்ஷிணி. அவளை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆப்பை முதலில் டவுன்லோட் செய்தவள் என்ற ஒரே தகுதியில் பதவி ஏற்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக யுஸ்ராவின் தலையணையை இரண்டு விரலால் தூக்கி ஹால் மூலையில் போட்டாள். கையோடு லிஸ்ட்டில் ஏற்றினாள்: டெட்டால் – 1. புதுத் தலையணை உறை – 2. யாருக்கு: ஹர்ஷிணி, லோகப்பிரியா.

"நீங்க இனிமே ஹால்ல படுத்துக்கறீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க."

யுஸ்ரா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். "என்னடி, புதுசா நீங்க வாங்கங்கறே?"

கோபம் வந்தால் ஹர்ஷிணிக்கு மரியாதை கூடிவிடும். ஊர் வழக்கம் அப்படி. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'போயிட்டு வாங்க' என்று சொல்லித்தான் தள்ளுவாள்.

"எப்பவும் தலைய மூடியே வெச்சிருந்தா காத்து எப்படீங்க போகும்? உங்க மதத்தை ஒண்ணும் சொல்லலீங்க. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

உண்மைதான். போன மாதம்தான் 'வேற்றுமையில் ஒற்றுமை' பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தாள். கோப்பை ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

யுஸ்ரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் லோகப்பிரியா நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டாள். மறுப்பே வராததால் ஹர்ஷிணிக்குத் தெம்பு கூடியது. நேராகக் கீழே போய், லிஸ்ட்டைக் காட்டி, வீட்டுக்கார டெய்சி ஆன்ட்டியை மாடிக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அவங்க வேற இடம் பாத்துக்கட்டுங்க ஆன்ட்டி. இல்லாட்டி நானும் லோகுவும் காலி பண்ணிக்கறோமுங்க."

லோகுவை யாரும் கேட்கவில்லை.

யுஸ்ராவின் முகம் வெளுத்துப் போனது. "ஆன்ட்டி, ரெண்டு வாரத்துல செமஸ்டருங்க. கீழ நீங்க இருக்கீங்கன்னுதான் அத்தா என்னை இங்க தங்கிப் படிக்க விட்டாரு. இந்த வீடு போச்சுன்னா என்னை உடுமலைக்கே கூட்டிட்டுப் போயிருவாருங்க."

டெய்சி முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். அழுகைக்கும் அதட்டலுக்கும் அசைகிற ஆள் இல்லை.

"அந்தச் சீப்பு வந்துருச்சா?"

இந்த வாரம் கடைக்குப் போகும் முறை லோகப்பிரியாவுடையது. வாங்கி வந்த சீப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"பேப்பரை விரி. யுஸ்ரா, உக்காரு கண்ணு."

யுஸ்ரா துப்பட்டாவை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். ஹர்ஷிணி பேன் தாவ முடியாத தூரம் என்று தானே கணக்குப் போட்டு, சுவரோடு ஒட்டி நின்றாள்.

டெய்சி நாலு பக்கமும் இழுத்து வாரினார். பேப்பரில் ரெண்டு முடி விழுந்தது. வேறொன்றும் இல்லை.

"சுத்தமா இருக்கு."

"அப்பறம் எதுக்கு லிஸ்ட்டுல போட்டா?" அவசரத்தில் ஹர்ஷிணிக்கு மரியாதை விட்டுப்போனது.

யுஸ்ரா தலை குனிந்துகொண்டாள். டெய்சி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அடுத்து லோகப்பிரியாவை உட்கார வைத்தார். அவள் தலையிலும் ஒன்றுமில்லை.

"நீயும் வா அம்மணி."

"எனக்கெதுக்குங்க ஆன்ட்டி? நான் வாரம் மூணு தடவை ஷாம்பூ போடறவ."

"அதனாலென்ன? சும்மா உக்காரு."

முதல் இழுப்பிலேயே நாலு விழுந்தன. அதில் நல்லாக் கொழுத்த ஒன்று, பேப்பரில் இருந்த வீட்டுமனை விளம்பரத்தின் மேல் அவசரமே இல்லாமல் நடந்து போனது.

ஹர்ஷிணிக்கு அவமானத்தில் காது வரை சுட்டது. யுஸ்ரா பக்கம் திரும்பத் துணிவில்லாமல் பேப்பரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"போன வாரம் உனக்கு ஜடை போட்டனல்ல, அப்பவே பாத்தேன்."

யுஸ்ரா டெய்சி கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டு ஹர்ஷிணியின் பின்னால் உட்கார்ந்தாள்.

"எனக்குன்னு மருந்து வாங்கி, எங்கிட்ட இருந்து உங்களுக்கும் ஒட்டியிருக்கும்னு சொல்லி மூணு பேரும் போட்டுக்கலாம்னு இருந்தேன். 'யாருக்கு'ங்கற எடத்துல உன் பேரைப் போட மனசு வரலடி."