பெயர் எழுதாத சீட்டு

எழுத்து நண்டு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது. "எந்த முதல்வருக்கும் இவ்வளவு மோசமான கையெழுத்து இருக்காது," என்றார் பொறியியல் கல்லூரி முதல்வர், சீட்டை மூக்குவரை கொண்டுபோய்.

கலைக்கல்லூரி முதல்வருக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. இடக்கையால் அந்தச் சீட்டை எழுதி முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்திருந்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை எட்டுக் கல்லூரி முதல்வர்கள் இந்த அறையில் கூடுவார்கள். தம் கல்லூரியில் யாரிடமும் கேட்க முடியாததைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடலாம். ஒன்றை எடுத்து எல்லோரும் பேசுவார்கள். எழுதியது யாரென்று கேட்கக் கூடாது. பேசியது வாசலைத் தாண்டக் கூடாது.

கூட்டத்தை நடத்துபவர் சூப்பிரண்டம்மா. கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து, ஆறு முதல்வர்களிடம் கோப்பு நீட்டி ஓய்வு பெற்றவர். அவர் சீட்டைத் திரும்ப வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

'வருகிற கோப்புகளை நான் படிப்பதில்லை. கையெழுத்து மட்டும் போடுவேன். அப்படிப் போட்டதில் ஒரு தவறும் செய்யாத ஆய்வக அட்டெண்டருக்குப் பணிநீக்க உத்தரவு போய்விட்டது. அலுவலகத்தில் பெயரை மாற்றி அடித்திருக்கிறார்கள். ரத்து செய்ய வேண்டுமென்றால், திங்கட்கிழமை நிர்வாகக் குழுவின் முன்னால் நான் படிக்கவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளலாமா?'

கலைக்கல்லூரி முதல்வர் தண்ணீர் குடித்தார். வியாழக்கிழமை அந்த அட்டெண்டர் உத்தரவை நான்காக மடித்துப் பிடித்தபடி அவர் அறைக்கு வந்திருந்தார். நான் என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்றைய கோப்புகள் எல்லாவற்றிலும் முதல்வர் கையெழுத்துப் போட்டார். அவற்றையும் படிக்கவில்லை.

பெண்கள் கல்லூரி முதல்வர்தான் ஆரம்பித்தார். இப்படி ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரவே தகுதியில்லை என்றார். விவசாயக் கல்லூரி முதல்வர், தான் காற்புள்ளி அரைப்புள்ளிகூட விடுவதில்லை என்றும், மளிகைச் சீட்டையே இரண்டு தடவை படிப்பதால் வீட்டில் தனக்குத் திட்டு விழுகிறது என்றும் சொன்னார். மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள்.

பொறியியல் கல்லூரி முதல்வர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஆபீஸ்ல பென்சில்ல இன்டு மார்க் போட்டுக் குடுத்தா, அந்த இடத்துல கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடறது. இதுக்கு எதுக்குங்க ஆளு? ரப்பர் ஸ்டாம்பை நாற்காலியில உக்கார வெச்சா போதுமே."

எல்லோரும் சிரித்தார்கள். கலைக்கல்லூரி முதல்வர் பாதிச் சிரிப்பில் நிறுத்தினார். பென்சில் சமாச்சாரத்தை அவர் சீட்டில் எழுதவே இல்லை. இவருக்கு எப்படித் தெரியும்? தன் அலுவலகத்தில் யாரோ உளறியிருக்கிறார்கள். ஆள் யாரென்று தெரிந்துகொண்டே வாயைக் கிளறுகிறார்.

சந்தேகத்தைத் திருப்ப ஒரே வழிதான் இருந்தது. "ஒத்துக்கறது என்ன, ராஜினாமா பண்ணிட்டு வீட்டுக்குப் போகட்டும்," என்றார்.

சூப்பிரண்டம்மா கூட்டக் குறிப்பு எழுதுவதை நிறுத்தினார்.

"எழுதினவரையே பேசிட்டு இருக்கோம். அந்த அட்டெண்டர் என்ன ஆவாரு?"

அட்டெண்டருக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும், அதற்கு முதல்வர் வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்றார் பெண்கள் கல்லூரி முதல்வர். அதை யாரும் மறுக்கவில்லை.

"எங்க திறப்பாரு? மானம் போயிடுமே," என்றார் பொறியியல்.

"தனியா நின்னு ஒத்துக்கறது யாருக்குமே கஷ்டம்தான் சார்," என்று சொல்லிவிட்டு சூப்பிரண்டம்மா மறுபடி குனிந்து எழுதினார்.

மணி ஐந்தடித்தது. ஒருவருக்கு ஐந்தரைக்குக் கல்யாண வரவேற்பு, இன்னொருவருக்குப் பல் மருத்துவர். வழக்கம்போல் சூப்பிரண்டம்மா கூட்டக் குறிப்பைக் கையெழுத்துக்குச் சுற்றில் விட்டார்.

தாள் கலைக்கல்லூரி முதல்வரிடம் வந்தபோது சீட்டும் மேசைமேல் விரித்தபடி கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து யாராவது ஒப்பிட்டால்? சட்டைப்பையிலிருந்து வேறு பேனாவை எடுத்தார். எழுத்துகளை நன்றாகச் சாய்த்து, கடைசியில் ஒரு சுழி கூடுதலாகப் போட்டார். பார்த்தார். நண்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

தப்பித்தாயிற்று. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பொறியியல் முதல்வர் அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் உக்காருங்க," என்றார் சூப்பிரண்டம்மா. அதட்டலாக இல்லை. ஆனாலும் எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எட்டுக் கையெழுத்துகளையும் விரலால் எண்ணினார். பிறகு கூட்டக் குறிப்பில் அவற்றுக்கு நேர் மேலே இருந்த வரியை நிதானமாக வாசித்தார்.

"இந்தச் சீட்டை எழுதியது நான்தான்."