கூண்டேறும் பறவை

"எங்களோடது சின்ன கேமரா. கையைக் கடிக்காத விலையில ஒரு ஜூம் லென்ஸ் காட்டுங்க," என்றார் அப்பா. மகள் துள்ளிக்கொண்டிருந்தாள்.

"எதைப் படம் எடுக்கணும்?"

"நாளைக்குத்தான் முதல் தடவையா தனியா மேல ஏறுற நாள். தவறவிட்டா போச்சு!"

"பறவையா? இந்த லென்ஸ் போதும். கூண்டைத் திறந்துவிடுறப்போ கை நடுங்கக் கூடாது."

"இல்ல அங்கிள், எங்க பறவை தானாவே போய்க் கூண்டுல உட்காரும்!" என்று மகள் சிரித்தாள். கடைக்காரர் விழித்தார்.

மறுநாள் மொட்டைமாடியில் மகள் லென்ஸைத் திருகினாள். எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்துக்கு மேலே, கிரேன் ஓட்டுநரின் கண்ணாடிக் கூண்டுக்குள் அம்மா!

"அப்பா, அம்மா தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாங்க!"

"ஜெயிச்சிட்டேங்கிறாளா?"

"வெயில்ல உங்க தொப்பி எங்கேன்னு திட்டுறாங்க!"

அப்பா வழுக்கையைத் தடவினார். "லென்ஸே இல்லாம அவளுக்குத் தெரியுது பாரு!"