கத்தி பழக வந்தவர்

வேன் ஹார்ன் அலறியதும் அழகரின் கையிலிருந்த சம்மட்டி நழுவி விழுந்தது. "வந்துட்டாரு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார்.

தெமோதரையில் ரயில் பாலம் பார்க்க வருகிறவர்களுக்கு அரைநாளில் கத்தி செய்யக் கற்றுக்கொடுப்பது, பட்டறைக்காரர் அழகரின் உபதொழில். ஆனால் சில நாட்களாக அவர் காத்திருந்தது மாணவனுக்காக அல்ல, சம்பந்திக்காக.

மகள் தயானிக்கு வந்த இரண்டு வரன்கள் அவருடைய பொல்லாத வாயால் முறிந்திருந்தன. மூன்றாவது, பதுளைப் பையன். அந்த வீட்டாரை அழகர் கண்ணால் பார்த்ததில்லை. "அவங்க வீட்டுலருந்து சொல்லாமக் கொள்ளாம ஆள் வரும். வாய அடக்கிக்க, இது போனா வேற வரன் கெடையாது" என்று தரகர் எச்சரித்திருந்தார்.

வேனிலிருந்து இறங்கியவர், தம் பெயர் சிதம்பரநாதன் என்றார். அருவி பார்க்கப் புறப்பட்டவரை, கத்தி செய்து பழகலாம் என்று வேன்காரன்தான் இங்கே திருப்பிக் கூட்டிவந்தானாம். உலை மூளுவதற்குள்ளேயே, எத்தனை பிள்ளைகள், வீடு சொந்தமா, குடிப்பழக்கம் உண்டா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அழகருக்குச் சந்தேகமே இல்லை. அந்த யாழ்ப்பாணப் பேச்சுகூட வேஷம்தான். கெட்டிக்கார மனுஷன்.

அழகரின் வாயில் தேன் ஒழுகியது. சம்பந்தி அடித்த அடியில் இரும்பு வாழைப்பழமாக வளைந்தபோது, அதுவும் ஒரு அழகுதான் என்றார். துருத்தி இழுத்தால் அவருடைய வெள்ளைச் சட்டை கரியாகிவிடுமே என்று, வேனில் சாய்ந்து நின்ற டிரைவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

அடக்கிவைத்த வசவெல்லாம் அவன் தலையில் இறங்கியது. "என்னடா, கொழந்தைக்கு விசிறி வீசுறியா? சோறு திங்கிற கைதான அது?"

அவன் சிரித்துக்கொண்டே இழுத்தான். தேத்தண்ணி கொண்டுவந்த தயானியும் கரி அப்பிய அவன் முகத்தைப் பார்த்து அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். ஐயாவுக்கு முதலில் கொடு, இவனுக்கு என்ன அவசரம் என்று அழகர் அவளை விரட்டினார்.

ஒருவழியாகக் கத்தி முடிந்தது. அந்தக் கோணல் கத்தியைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்த அழகரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஐயா மறைச்சாலும் எனக்குத் தெரியுங்க. எங்க புள்ளையப் புடிச்சிருக்குங்களா?"

சிதம்பரநாதன் விழித்தார். "எந்தப் பிள்ளையை? நான் நாளைக்குக் கொழும்புக்குப் போற ஆள், அண்ணை."

துருத்திப் பக்கமிருந்து டிரைவர் எழுந்து, முகத்துக் கரியைத் துடைத்தபடி வந்தான்.

"பொண்ணு பாக்க வந்தது நான்தான், மாமா. புடிச்சிருக்கு."